நட்டநடுப் பகலில் பிடிபட்ட மாமனார்

ஓணாங்குளத்துக்காரர்களைப் பற்றி யாராவது உங்களிடம் குறையாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். தங்கமான மனுஷர்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அந்த ஊர் ஆள் ஒருவனிடம் அடுப்பில் இருக்கும் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனால், பால் பொங்கி, வழிந்து, அடுப்பே அணையும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். வந்து கேட்டால் என்னென்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லவும் செய்வான்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து நான்கு பேருக்கு நூல் மில்லில் வேலை கிடைத்தது. மூக்கையா, அழகுமலை, சீனிச்சாமி, தவசி. நால்வரில் மூக்கையாதான் அறிவாளி என்று மற்ற மூவரும் முடிவு செய்திருந்தார்கள். அவனும் மறுக்கவில்லை. வேலை நைட் ஷிப்ட். பொழுது சாய்ந்ததும் ஊருக்குக் கிழக்கே மெயின் ரோட்டில் மில் பஸ் வந்து நிற்கும். ஏறிக்கொண்டால் மறுநாள் விடிந்த பிறகு அதே இடத்தில் இறக்கிவிடும்.

இதில் தவசிக்கு மட்டும் இந்த வேலை உயிர்நாடி. பக்கத்து ஊர் ஒச்சப்பனின் மகள் பஞ்சவர்ணத்தை அவனுக்குப் பேசியிருந்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் ஒரே ஒரு தடவைதான் அவளைப் பார்த்திருந்தான். அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒச்சப்பன் கறாரான ஆள். மில் வேலை நிலைத்தால்தான் பொண்ணு, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார். ஒருநாள் தானே நேரில் வந்து பையன் இருக்கிற இருப்பைப் பார்ப்பதாகவும், திருப்தியாக இருந்தால் அப்போதே தாம்பாளத்தைக் கையில் கொடுத்து நிச்சயம் செய்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தவசி மெஷின் முன்னால் நின்றபடி தூங்கினான். அறுந்த நூலை ஒட்டுவதுதான் அவன் வேலை. அன்றைக்கு அறுந்த நூலெல்லாம் அறுந்தபடியே கிடந்தது. மேஸ்திரி வந்து சத்தம் போட்டார். இன்னொரு தடவை எவன் தூங்கினாலும் நாலு பேரையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். தவசி அழுதேவிட்டான். மேஸ்திரிக்கே மனசு கேட்காமல், நால்வரையும் மில் டாக்டரம்மாவிடம் அனுப்பிவைத்தார்.

டாக்டரம்மா நல்லவர். பொறுமையாக விளக்கிச் சொன்னார்.

"இனிமே உங்களுக்குப் பகல்தான் ராத்திரி. வீட்டுக்குப் போற வழியில கண்ணுல வெயில் படாமப் பார்த்துக்குங்க. ரூமை நல்லா இருட்டாக்கிடுங்க. ராத்திரியில எப்படி இருப்பீங்களோ, பகல்ல அப்படியே இருங்க. கொஞ்ச நாள்ல உடம்பு பழகிடும்."

பாவம், அந்தம்மாவுக்கு ஓணாங்குளத்தைப் பற்றித் தெரியாது.

மறுநாள் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நால்வரும் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக்கொள்ள, மூக்கையா முன்னால் போனான். அவன் கண்ணும் கட்டியிருந்தது. முன்னால் போகிறவன் மட்டும் கட்டாமல் வரட்டும் என்று அழகுமலை சொல்லிப் பார்த்தான். அறிவாளிக்குத் தூக்கம் வேண்டாமா என்று மூக்கையா கோபித்துக்கொண்டான். அதிலும் நியாயம் இருந்ததால் அப்படியே நடந்தார்கள். கடைசியில் ஒரு வாசலில் குனிந்து நுழைந்து, கதகதப்பாக இருந்த இடத்தில் படுத்தார்கள். சாயங்காலம் கண்கட்டை அவிழ்த்தபோது அது ஊர்க்கோடியில் இருந்த ஆட்டுக் கொட்டகை என்று தெரிந்தது. வாசனையைத் தவிர அவர்களுக்கு வேறு மனக்குறை இல்லை.

அடுத்தது ரூமை இருட்டாக்கும் வேலை. அழகுமலைக்குச் சொந்தமாக ஓட்டு வீடு ஒன்று இருந்தது. ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் அடித்தார்கள். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தார்கள். எல்லாம் முடிந்து படுத்தால், ஓட்டில் இருந்த ஓட்டை வழியாக ஒரு ரூபாய் அகலத்துக்கு வெயில் தரையில் விழுந்தது.

சீனிச்சாமி எழுந்து போய் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினான். வெளிச்சம் சாக்குக்கு மேலே வந்துவிட்டது. சாக்கின்மேல் முறத்தைக் கவிழ்த்தான். முறத்துக்கு மேலே ஏறிக்கொண்டது. ஆட்டுக்கல்லையே தூக்கிவந்து வைத்தார்கள். அதற்கும் அசையாமல் கல்லின் உச்சியில் உட்கார்ந்திருந்தது.

"கனம் இல்லாத பொருளு. அமுக்குனா மேலதான் வரும். தண்ணியில பந்தை அமுக்கிப் பாரு, தெரியும்" என்றான் மூக்கையா.

கடைசியில் சீனிச்சாமி கல்லை நகர்த்திவிட்டு வெளிச்சத்தின்மேல் தானே உட்கார்ந்தான். தரையில் வெளிச்சம் போய்விட்டது. அவன் தலையில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் பொழுது ஏற ஏற அந்த வெளிச்சம் நகர்ந்துகொண்டே போக, சீனிச்சாமியும் அதன்மேலேயே நகர்ந்து நகர்ந்து அன்று முழுக்க வீட்டைக் குறுக்கே கடந்து முடித்தான். மற்ற மூவரும் அவன் நகரும் சத்தத்தில் தூங்கவில்லை. மறுநாள் காற்றில் தென்னை மட்டை ஒன்று கூரைமேல் விழுந்து ஓட்டையை அடைக்காமல் போயிருந்தால் அவன் இன்னும் நகர்ந்துகொண்டிருப்பான்.

ரூம் இருட்டாகிவிட்டது. மிச்சம் இருந்தது, ராத்திரியில் இருப்பது போலவே பகலில் இருப்பது. அதையும் குறை வைக்காமல் செய்தார்கள். ஊரே களத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, நால்வரும் ஒதுங்குவதற்கு டார்ச் லைட்டோடு கிளம்பினார்கள். தனியாகப் போனால் பேய் அடிக்கும் என்று சேர்ந்தே போனார்கள். களத்திலிருந்த பெண்கள் சிரித்தது அவர்களுக்குக் கேட்டது.

"இந்நேரத்துல பொம்பளைச் சிரிப்பு கேக்குதுடா. மோகினியா இருக்கும். திரும்பிப் பார்க்காதீங்க" என்றான் அழகுமலை.

சீனிச்சாமி டார்ச்சை அடித்து அடித்துப் பார்த்தான். உச்சி வெயிலில் அது எரிகிறதா என்றே தெரியவில்லை. டார்ச்சு வெளிச்சமே தெரியாத அளவுக்கு இப்படி ஓர் இருட்டைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று சொன்னான். பயந்துபோய் நால்வரும் ஓடிவந்து முன்கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள்.

அப்படிப் படுத்தும் தூக்கம் வரவில்லை. ராத்திரி என்றால் திருட்டுப் பயம் உண்டல்லவா? யார் காவல் இருப்பது என்று பேச்சு வந்தது. காவல் இருப்பவன் தூங்க முடியாது, தூங்காதவன் மில்லில் தூங்குவான், மில்லில் ஒருவன் தூங்கினால் நாலு பேருக்கும் வேலை போகும். ஆகவே யாரும் காவல் இருக்கக் கூடாது என்று மூக்கையா தீர்ப்புச் சொன்னான். காவல் இல்லையே என்ற பயத்தில் நால்வரும் விழித்துக் கிடந்தார்கள்.  இன்றைக்கும் தூங்காவிட்டால் மெஷின் முன்னால் விழுவது நிச்சயம். பஞ்சவர்ணம் அவ்வளவுதான் என்று நினைத்தபோது இருட்டில் தவசிக்குக் கண்ணீர் வழிந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒச்சப்பன் வந்தார். வெற்றிலை, பாக்கு, பூ, பழத்தோடு தாம்பாளம் ஒன்றைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு, வேகாத வெயிலில் நடந்து வந்திருந்தார். நைட் ஷிப்ட் போகிற பிள்ளைகள் தூங்குவார்களே என்று நல்லெண்ணத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடாமல் பின்வாசல் வழியாக உள்ளே காலை வைத்து, வெளிச்சம் படாமல் கதவையும் சாத்தினார்.

நாலு பேருக்கும் அந்த மெல்லிய காலடி கேட்டது.

"நடுச்சாமத்துல பின்வாசல் வழியா எவன்டா வருவான்?" என்று கிசுகிசுத்தான் அழகுமலை.

"செருப்பு வேற போடல" என்றான் சீனிச்சாமி.

அதற்கு மேல் சாட்சி எதற்கு? நால்வரும் பாய்ந்து அமுக்கி, கயிற்றால் தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். தாம்பாளத்தை வேறு வீட்டில் திருடியதாகத்தான் இருக்கும் என்று பத்திரமாக மூலையில் வைத்தார்கள். ஒச்சப்பன் கத்தினார், தான் தவசிக்கு வருங்கால மாமனார் என்று சொல்லிப் பார்த்தார். தவசிக்கு வந்ததே கோபம்.

"எங்க மாமா மானஸ்தன். இந்நேரத்துல அடுத்தவன் வீட்டுக்குள்ள நுழையிற ஆள் இல்ல. அவரு பேரைச் சொல்லி இன்னொரு வார்த்தை பேசுன, நடக்கிறதே வேற" என்றான்.

"யப்பா, இப்ப மத்தியானம்ப்பா."

"மாட்டிக்கிட்ட திருடன் எல்லாம் அதைத்தான் சொல்லுவான்" என்றான் மூக்கையா.

விடிந்ததும் இவனைப் போலீசில் ஒப்படைப்பது என்று முடிவானது. படுக்கப் போகும்போது மூக்கையாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கட்டிப்போட்டவன் எப்படியும் தூங்கப் போவதில்லை. சும்மா நிற்கிற நேரத்தில் காவல் இருக்கட்டுமே. வேறு திருடன் வந்தால் குரல் கொடுக்கும்படி ஒச்சப்பனிடம் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்கள். காவலுக்கு ஆள் கிடைத்த நிம்மதியில், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக நால்வரும் குறட்டை விட்டுத் தூங்கினார்கள்.

ஒச்சப்பன் மை இருட்டில் நின்று யோசித்தார். இங்கே ஒன்று சொல்லவேண்டும். அவருடைய ஊரும் ஓணாங்குளமும் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். சுற்றிலும் இருட்டு, நாலு பேர் அயர்ந்து தூங்குகிறார்கள். ஒருவேளை நாம்தான் நேரம் தெரியாமல் கிளம்பிவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. வழியில் வெளிச்சமாக இருந்ததே என்றால், அது நிலா வெளிச்சமாக இருக்கலாம். நிலா அப்படியா சுடும்? சித்திரை மாசத்து நிலா கொஞ்சம் சுடத்தான் செய்யும் என்று சமாதானமாகி, நின்ற நிலையிலேயே அவரும் கண் அயர்ந்துவிட்டார்.

நால்வரும் எழுந்து கதவைத் திறந்தபோது பொழுது சாய்ந்து மங்கலாக இருந்தது. விடிந்துவிட்டது என்று சோம்பல் முறித்துத் திரும்பிய தவசி, தூணில் இருந்த முகத்தைப் பார்த்து ஓடி வந்தான். கயிற்றை அவிழ்த்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான்.

"மாமா, நீங்க எப்ப வந்தீங்க?"

"ராத்திரியே வந்துட்டேன் மாப்ள" என்றார் ஒச்சப்பன், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே. "கோபம் ஒண்ணும் இல்ல. திருடன் வந்தா முழிக்கிறீங்க, கட்டிப்போட்டுட்டா தூங்குறீங்க. இவ்வளவு ஒழுங்கான புள்ளைக்கு வேலை எப்படிப் போகும்? தாம்பாளத்தை எடுங்க. சூரியன் உதிச்சதும் அவர் சாட்சியா உங்க கையில தந்துடுறேன்."

தவசிக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. எல்லோரும் வாசலில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வானம் சிவந்து கிடந்ததை யாரோ கரும்புச் சோகைக்குத் தீ வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சூரியனைக் காணோம். விடிய விடிய இருட்டிக்கொண்டே வந்தது.

"என்ன மாப்ள, இந்த ஊர்ல இப்படித்தான் விடியுமா?"

"இன்னைக்குத்தான் மாமா இப்படி."

ஒச்சப்பன் முகம் மாறிவிட்டது. நல்ல காரியத்துக்கு உட்கார்ந்த அன்றைக்குப் பார்த்துச் சூரியனே வரவில்லை என்றால் இந்தச் சம்பந்தத்தில் தெய்வத்துக்கே இஷ்டமில்லை என்றுதானே அர்த்தம் என்று சொல்லி, தாம்பாளத்தை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். தவசி அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். அறிவாளி மூக்கையாவும் சேர்ந்து அழுதான்.

இவர்கள் இங்கே சூரியனுக்குக் காத்திருக்க, மெயின் ரோட்டில் மில் பஸ் இவர்களுக்குக் காத்திருந்தது. டிரைவர் பொறுமையிழந்து, ஒருநாளும் இல்லாத திருநாளாக வண்டியை ஊருக்குள்ளேயே திருப்பிவிட்டார். கிழக்கே தெருக்கோடியில் பளீரென்று வெளிச்சம் வந்தது.

"வந்துட்டாருடா" என்று தவசி கும்பிட்டான்.

ஒச்சப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மாப்ள, ரெண்டு வருதே."

இப்போது மூக்கையாவுக்கு அறிவு திரும்பியது. "மாமா, மில்லுல ஷிப்ட் மாறும்போது போற ஆளும் வர்ற ஆளும் மெஷின்கிட்ட சேர்ந்துதான் நிக்கணும். வர்றவன் கையில ஒப்படைச்சிட்டுத்தான் போறவன் போகலாம். சூரியனுக்கு மட்டும் வேற சட்டமா? லேட்டா வந்ததுக்கும் அதான் காரணம். மாத்திவிட ஆள் வந்திருக்காது."

ஒச்சப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஊர் உலகத்தில் ஒரு சூரியன் சாட்சியாகத்தான் நிச்சயம் நடக்கும். தன் மகளுக்கு இரண்டு. கண் கலங்கத் தாம்பாளத்தைத் தவசியின் கையில் கொடுத்தார். ஹாரன் அடித்தது. எவ்வளவு நேரம்டா காத்துக் கிடக்கிறது என்று டிரைவர் வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து திட்டினார்.

"பகவானே கூப்பிடுறாரு, கிளம்புங்க மாப்ள" என்றார் ஒச்சப்பன்.

நால்வரும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். தெருவில் திருப்ப இடமில்லாததால் பஸ் வந்த வழியே பின்னோக்கிப் போனது. இரண்டு சூரியன்களும் உதித்த கிழக்கிலேயே அஸ்தமித்ததை ஒச்சப்பன் கும்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தட்டுத்தடுமாறி வீட்டுக்குப் போனபோது, இருட்டி இவ்வளவு நேரமாகியும் ஏன் வரவில்லை என்று மனைவி கவலையோடு கேட்டாள். விஷயத்தைச் சொன்னார். பொண்ணை நிச்சயம் பண்ணியாகிவிட்டது, சூரியன் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போயிருக்கிறது, ஷிப்ட் முடிந்ததும் காலையில் வந்துவிடும் என்றார்.

அதேபோல் காலையில் வந்தது. ராத்திரியெல்லாம் வேலை செய்து களைத்து வந்திருக்குமே என்று அந்த அம்மாள் ஒரு செம்பு மோர் கரைத்து வாசலில் வைத்தாள். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. உப்புப் போட மறந்துவிட்டோமே, அதனால்தான் மிச்சம் வைத்துவிட்டுப் போய்விட்டது என்று ராத்திரி முழுக்க வருத்தப்பட்டாள்.