றீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய்

சிவகடாட்சத்துக்கு அறுபது தாண்டியிட்டுது. அவற்றை குருவுக்கு நாப்பதும் இல்லை.

குருவின்ரை பேர் நிரோஜினி. ஸ்காபுறோவிலை பள்ளிக்கூட பஸ் ஓட்டுறா. காலமை பிள்ளையளைக் கொண்டுபோய் இறக்கினால், பின்னேரம் திரும்ப ஏத்துமட்டும் அவவுக்கு வேலை இல்லை. அந்த நேரம் ஆத்திலை நிற்பா.

ஆறு ரொறன்ரோவுக்குக் கிழக்குப் பக்கத்தாலை ஓடி ஏரியிலை விழுகுது. இலை கொட்டுற காலத்திலை, ஏரியிலை வளர்ந்த பெரிய மீனெல்லாம் அந்த ஆத்துக்கை ஏறி வரும். ஸ்டீல்ஹெட் எண்டு பேர். சிவகடாட்சம் வேலையிலை இருந்து ஓய்வெடுத்தபிறகு அந்த மீனைப் பிடிக்கப் போனவர். போன முதல் நாள் தூண்டிலை வீசி, தன்ரை தொப்பியைக் கொழுவினார்.

பக்கத்திலை நிண்ட நிரோஜினி சிரிக்காமல் கழட்டிக் குடுத்தா.

"பிள்ளை, இனி நீர்தான் எனக்குக் குரு" எண்டார்.

"சரி அங்கிள். முதல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

அதுதான் தீட்சை.

ஒரு நாள் சீடர் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தார்.

"குருவே, சென்டர்பின் றீலுக்கை எது நல்லது? ஆயிரம் பேர் ஆயிரம் விதமாய் எழுதியிருக்கிறாங்கள். வாசிச்சு வாசிச்சுக் கண் நோகுது."

சென்டர்பின் எண்டால் பெரிய வித்தை ஒண்டும் இல்லை. நடுவிலை ஒரு அச்சு, அதிலை தூண்டில் நூல் சுத்தி வைச்சிருக்கிற ஒரு சில்லு. கியர் இல்லை, பிரேக் இல்லை. ஆறு மிதவையை இழுக்கும், மிதவை நூலை இழுக்கும், நூல் சில்லைச் சுத்தும். மீன் கொண்டு ஓடினால் உள்ளங்கையை விளிம்பிலை வைச்சு மறிக்க வேணும். அவ்வளவுதான்.

"உங்களுக்கு எதிலை ஆசை?" எண்டு குரு கேட்டா.

"இந்தா, இதிலை. விரலாலை ஒருக்காத் தட்டினால், ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் சுத்துமாம்."

"ஆத்துக்கு விரல் இல்லை, அங்கிள்."

அந்தக் கிழமை, மீன்பிடியை விட்டுப்போட்டு வேறை ஊருக்குப் போற ஒருத்தர் தன்ரை ரண்டு றீலை விற்கிறதுக்கு ஆத்தங்கரைக்குக் கொண்டு வந்தார். ஒண்டு பளபளப்பு. மற்றது கீறல் விழுந்தது. குரு ரண்டின்ரை விளிம்பையும் பெருவிரலாலை அமத்தி ஆட்டிப் பார்த்தா. ரண்டும் ஆடேல்லை. பிறகு நூல் நுனியிலை மிதவையைக் கட்டி, தண்ணி கிட்டத்தட்ட நித்திரையாய்க் கிடக்கிற ஒரு மூலையிலை விட்டா.

பளபளப்பு அசையேல்லை.

கீறல் விழுந்தது கொஞ்சம் யோசிச்சுது. பிறகு மெல்லச் சுத்தத் தொடங்கிச்சுது.

"மற்றதும் நல்லா ஓடுமே, குருவே?"

"ஓடும். ஆரும் அடிச்சால் ஓடும்."

"இது?"

"கேட்டால் ஓடும்."

சிவகடாட்சம் கீறல் விழுந்ததை வாங்கினார். பளபளப்பை ஒருக்காத் திரும்பிப் பார்த்துப்போட்டுத்தான் வாங்கினார்.

இதெல்லாம் நடக்கேக்கை அவற்றை வீட்டிலை கதை பேச்சு நிண்டு கன நாள்.

அவற்றை மனிசி யோகாம்பிகை. யோகத்தின்ரை கடைசித் தம்பியின்ரை மகள் பெரியபிள்ளையானதுக்கு செப்டெம்பரிலை சாமத்தியவீடு. யோகம் மாமி முறை. "ஆத்திலை இருந்து நேரே மண்டபத்துக்கு வந்திடுவன்" எண்டு சொல்லிப்போட்டு இவர் போனவர். மண்டபத்திலை சோடி சோடியாய்க் கூப்பிட்டு அறுகரிசி போட்டு வாழ்த்தச் சொன்னவை. யோகத்தின்ரை முறை வரேக்கை யோகம் தனியப் போய் நிண்டா. சிவகடாட்சம் வந்து சேரேக்கை கதிரையளை மடிச்சு அடுக்கிக்கொண்டு நிண்டாங்கள். முழங்காலுக்கு மேலை போடுற றப்பர் சப்பாத்தோடை வந்தவர்.

அண்டையிலை இருந்து யோகம் அவரோடை கதைக்கிறேல்லை. சண்டையும் இல்லை. "சோறு மேசையிலை கிடக்கு" எண்டு பிரிட்ஜுக்குச் சொல்லுவா. பிரிட்ஜ் பேசாமல் இருக்கும். இவர் போய்ச் சாப்பிடுவார்.

"குருவே, மனிசியை எப்பிடிக் கதைக்க வைக்கிறது?"

குரு மிதவையிலை இருந்து கண்ணை எடுக்கேல்லை.

"நான் பஸ் ஓட்டுறனான், அங்கிள்."

"எண்டாலும் ஒரு வழி சொல்லுமன்."

"நீங்கள் என்ன செய்து பார்த்தனீங்கள்?"

"மன்னிப்புக் கேட்டனான்."

"என்னெண்டு?"

"'சரியப்பா, நான் செய்தது பிழைதான், அதுக்கு இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறீர்?' எண்டு."

மிதவை வளைவுமட்டும் போய் மறைஞ்சுது. குரு நூலைச் சுத்தி எடுத்தா.

"மனிசி என்ன சொன்னவா?"

"பிரிட்ஜைத் திறந்து மூடினவா."

"நல்ல பிரிட்ஜ்" எண்டா குரு.

நவம்பர் பிறந்துது. றீலுக்கை மண் போய்க் கரகரத்துது. சீடர் குசினியிலை நிண்டு குருவுக்குக் கோல் எடுத்தார். அவர் போனை எப்பவும் ஸ்பீக்கரிலைதான் போடுறவர். அவர் கதைக்கிறதும் மற்றவை கதைக்கிறதும் றோட்டுக்குக் கேட்கும்.

"குருவே, றீலுக்கை மண் கரகரக்குது. இதை எப்பிடிப் பராமரிக்கிறது?"

"சில்லைக் கழட்டி வடிவாத் துடையுங்கோ. அச்சிலை ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கோ."

"ஒரு சொட்டுக் காணுமோ?"

"ஒரு சொட்டுத்தான். கூட விட்டால் மண்ணைப் பிடிக்கும். பிள்ளையள் ஏறுதுகள், வைக்கிறன்."

சிவகடாட்சம் றீலை யன்னல் தட்டிலை வைச்சார். நாளைக்குப் பார்ப்பம் எண்டு ரீவிக்கு முன்னாலை போய் இருந்தார். இருந்தபடியே நித்திரையாய்ப் போனார்.

ரண்டு நாள் கழிச்சு ஆத்தங்கரைப் புல்லெல்லாம் வெள்ளையாய் உறைஞ்சு கிடந்துது. சிவகடாட்சம் தூண்டில் தடியைக் கையிலை பிடிச்சுக்கொண்டு குருவைத் தேடி வந்தார். முகம் சிவத்திருந்துது. குளிராலை மட்டும் இல்லை.

"குருவே, என்ரை மனிசி றீலைக் கெடுத்துப்போட்டா."

நிரோஜினி வாங்கிப் பார்த்தா. சில்லு அசையேல்லை. அச்சடியிலை வெள்ளையாய், மெழுகு மாதிரி ஏதோ இறுகிக் கிடந்துது. முகர்ந்து பார்த்தா.

"தேங்காயெண்ணெய்."

"கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சினது! தலைக்கு வைக்கிற எண்ணெய். எனக்குத் தெரியாதே அந்த மணம்? இந்தக் குளிருக்கை அது கட்டியாகும் எண்டு ஆருக்குத் தெரியாது? வாயாலை ஒண்டும் சொல்லாமல் வஞ்சத்தை இதிலை காட்டியிருக்கிறா. இப்பவே கேட்கிறன்."

கையுறையைப் பல்லாலை கழட்டிப்போட்டு, கைபேசியை எடுத்தார்.

"கேளுங்கோ" எண்டா குரு. "ஆனால் இந்தக் கோலுக்குப் பிறகு, அந்தப் பிரிட்ஜோடைதான் உங்கடை காலம் போகும். அதுக்கு முதல் நான் இதை ஒருக்காக் கழட்டிப் பார்க்கிறன்."

சீடர் கைபேசியைப் பிடிச்சபடி நிண்டார்.

குரு நடு ஆணியைக் கழட்டி, சில்லைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருகி இழுத்து எடுத்தா.

"உள்ளுக்கை மண் கரகரக்குது எண்டு சொன்னீங்கள்."

"ஓம்."

"மண்ணைக் காணேல்லையே. நீங்கள் துடைச்சனீங்களோ?"

"நான் துடைக்கேல்லை."

அச்சின்ரை அடியிலை பஞ்சு ஒரு இழை ஒட்டியிருந்துது. காது துடைக்கிற குச்சிப் பஞ்சு. குரு அதை நகத்தாலை எடுத்து அவருக்குக் காட்டினா.

"நான் கோலிலை எண்ணெய் விடச் சொல்லேக்கை பக்கத்திலை ஆர் நிண்டது?"

"ஒருத்தரும் இல்லை." கொஞ்சம் யோசிச்சார். "மனிசி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நிண்டவா."

"என்ன எண்ணெய் எண்டு நான் சொன்னனானோ?"

"இல்லை. ஒரு சொட்டு எண்டுதான் சொன்னனீர்."

"எவ்வளவு விட்டிருக்கிறா எண்டு பாருங்கோ."

சிவகடாட்சம் கண்ணாடியை நெத்தியிலை இருந்து இறக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு சொட்டு" எண்டார்.

"இந்த எண்ணெயை எங்கை வாங்கிறவா?"

"கடையிலை எங்கை கிடக்கு? தமக்கை ஊரிலை காய்ச்சி அனுப்புறவா. வருசத்துக்கு ஒரு போத்தல். அலுமாரிக்கை ஒளிச்சு வைச்சிருக்கிறா. போன பனிக்காலம் என்ரை முழங்காலுக்குக் கொஞ்சம் பூசக் கேட்டனான். தரேல்லை."

"உங்கடை முழங்காலுக்குத் தரேல்லை" எண்டா குரு.

சீடர் கைபேசியைப் பொக்கற்றுக்கை போட்டார்.

ஆறு தன்ரை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்துது. எதிர்க்கரையிலை ஒரு கொக்கு ஒத்தைக் காலிலை நிண்டுது. அதுக்கும் குளிர்.

"இப்ப நான் என்ன செய்யிறது?"

குரு சில்லைத் திரும்பப் பூட்டி, றீலை அவற்றை கையிலை குடுத்தா.

"ஜக்கெற்றைத் திறவுங்கோ. கமக்கட்டுச் சூட்டுக்கை வையுங்கோ. கையை இறுக்கி நில்லுங்கோ."

"ஐயோ, கூசுதப்பா!"

"கூசும்."

அவர் நிண்டார். குரு பிளாஸ்கிலை இருந்து தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா. ஒரு கையாலை குடிச்சார். கொஞ்சம் தள்ளி நிண்டு மீன் பிடிக்கிற வரோதயன் எண்ட பெடியன் வலையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்தாலை போனான். ஒருக்கா நிண்டு பார்த்தான்.

"அங்கிள், எப்ப குஞ்சு பொரிக்கும்?"

"போடா, போய் உன்ரை வேலையைப் பார்."

"பெட்டையோ பெடியனோ எண்டு சொல்லுங்கோ, என்ன" எண்டு சொல்லிக்கொண்டு போனான்.

தேத்தண்ணி முடிஞ்சுது. சிவகடாட்சம் றீலை வெளியிலை எடுத்து தடியிலை பூட்டினார். மிதவையைத் தண்ணியிலை விட்டார். சில்லு ஒருக்கா முக்கிச்சுது. பிறகு இளகி, ஆத்தோடை சேர்ந்து சுத்திச்சுது. கறிவேப்பிலை மணம் அடிச்சுது.

நாலைஞ்சு தரம் விட்டிருப்பார். திரும்ப இறுகிச்சுது. அவர் தானாய் ஜக்கெற்றைத் திறந்து றீலை உள்ளுக்கை வைச்சார். திரும்ப இளகிச்சுது, திரும்ப விட்டார். அப்பிடியே பகல் போச்சுது. மீன் ஒண்டும் வரேல்லை. அவருக்கு மீனிலை எண்ணமும் இருக்கேல்லை.

ஒருக்கா சில்லு நல்லா ஓடிக்கொண்டிருக்கேக்கை தடியைக் குருவின்ரை கையிலை குடுத்தார். கைபேசியை எடுத்தார். பழக்கத்திலை ஸ்பீக்கரிலைதான் போட்டார்.

யோகாம்பிகை எப்பவும் போல எடுத்தா. ஹலோ சொல்லேல்லை.

"யோகம்" எண்டார். "றீல் சுத்துது."

அந்தப் பக்கம் குழாயிலை தண்ணி விழுற சத்தம் கேட்டுது. பிறகு அது நிண்டுது.

"நான் ஒரு சொட்டுத்தான் விட்டனான்" எண்டா யோகம்.

"ஓம். பார்த்தனான்."

குரு ஆத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டா.

"யோகம், அண்டைக்கு நீர் தனிய நிண்டது..." எண்டு தொடங்கினார்.

"சாப்பிட வாறீங்களோ?"

"வாறன்."

"மீன் இருக்கோ?"

"மீன் இல்லை."

"பரவாயில்லை. கத்தரிக்காய்க் குழம்பு இருக்கு. அந்தச் சப்பாத்தை வெளியிலை கழட்டிப்போட்டு வாங்கோ."

கோல் நிண்டுது. சிவகடாட்சம் கைபேசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிண்டார். பிறகு மூக்கைத் துடைச்சார். குளிர் எண்டார். ஒருத்தரும் கேட்கேல்லை.

பஸ்ஸுக்கு நேரமாச்சுது. குரு தன்ரை சாமான் பெட்டியைத் திறந்து தூண்டிலையும் மிதவையையும் உள்ளுக்கை அடுக்கினா. சிவகடாட்சம் குனிஞ்சு உதவி செய்தார். பெட்டி மூலையிலை ஒரு சின்னப் போத்தல் நிமிர்ந்து நிண்டுது. எடுத்து, கண்ணாடியை இறக்கி, பேரை வாசிச்சார்.

"குருவே! இது றீல் எண்ணெய்!"

"ஓம்."

"குளிருக்கை இறுகாது எண்டு எழுதியிருக்கு!"

"இறுகாது."

"காலமையும் இது இதுக்கைதான் கிடந்ததோ?"

"இதுக்கைதான் கிடந்தது."

"நான் ஒரு பகல் முழுக்க, போறவன் வாறவன் எல்லாம் பகிடி பண்ண, கமக்கட்டுக்கை வைச்சுக்கொண்டு நிண்டனான். ஏன் அப்பவே தரேல்லை?"

குரு போத்தலை அவற்றை கையிலை இருந்து வாங்கி, இருந்த இடத்திலை வைச்சுப் பெட்டியை மூடினா.

"உங்கடை றீலுக்கு எண்ணெய் விட்டிருந்ததே, அங்கிள்."