நடுவில் கிடந்த மீன்

சீடர் தெம்பாவுக்கு நரைத்துவிட்டது. குரு ரொகையாவுக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. குருவாக இருந்த தந்தை இறந்ததும் அவருடைய பாயில் மகள் ரொகையா உட்கார்ந்தபோது, பழைய சீடர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். தெம்பா போகவில்லை. அவரிடம் கேள்விகள் நிறைய இருந்தன. பதில் சொல்பவருக்கு என்ன வயது என்று பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில், அட்லாண்டிக் கடலோரத்தில் இருந்த ஒரு சிறிய நாடு அது. தலைநகரில் தெம்பாவுக்குப் பெரிய பதவி. நாடு எப்படி வளர வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. மூளையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளும்போதெல்லாம் கேர் சாம்பா என்ற மீனவர் ஊருக்கு வண்டியைத் திருப்பிவிடுவார். குருவின் வீடு அங்கேதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார்.

"குருவே, ஒரு கேள்வி."

"ஒண்ணுதானா?"

"நாடு வளரணும். வளர்ச்சி பாதியில நின்னுடக்கூடாது. அது எல்லாருக்கும் போய்ச் சேரணும். முடியுமா?"

"இது மூணு கேள்வி" என்று ரொகையா சிரித்தார். "எதுக்கு இன்னிக்கு இவ்வளவு அவசரம்?"

தெம்பா சொன்னார். இதே ஊர்க் கடற்கரையில் ஒரு துறைமுகமும், பக்கத்திலேயே மீனை அரைத்துத் தூளாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலையும் வரப்போகின்றன. நாட்டுக்கு நல்ல வருமானம். ஆனால் அந்த இடத்தில் இப்போது புகையடுப்புகள் இருக்கின்றன. ஊர்ப் பெண்கள் படகுகளிலிருந்து மீன் வாங்கி, அந்த அடுப்புகளில் புகை போட்டு வாட்டி, உள்நாட்டுச் சந்தைகளில் விற்று வருகிறார்கள். அவர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பதிலுக்கு வீட்டுக்கு வீடு மாதம் ஒரு மூட்டை அரிசி கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை தலைநகரில் கூட்டம். தெம்பா சரியென்று சொன்னால் வேலை தொடங்கிவிடும்.

"அந்தப் பொம்பளைங்க என்ன சொன்னாங்க?"

"கூட்டம் போட்டுக் கேட்டோம். எல்லாரும் நல்லதுன்னாங்க. ஒருத்தர்கூட மறுக்கல." தெம்பா சற்றுத் தயங்கினார். "அதுதான் குருவே உறுத்துது. ஒரு கூடை மீனுக்கு அவங்க பேரம் பேசுற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். வாழ்க்கையையே காலி பண்ணச் சொல்றோம், சத்தமே இல்ல. ஏன்?"



"நாளைக்கு மதியச் சாப்பாடு உங்க பொறுப்பு. வழக்கமா வர்றவங்க வருவாங்க" என்று மட்டும் சொன்னார் ரொகையா.

ரொகையாவின் வீட்டில் மதியம் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. நம் காயல்பட்டினம், கீழக்கரைக் கல்யாணங்களில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்காருவார்களே, அதேபோல அங்கேயும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றித்தான் எல்லோரும் உட்காருவார்கள். சோறு பரப்பியிருக்கும். மீனும் காய்களும் நடுவில் இருக்கும். தனக்கு எதிரே இருப்பதை மட்டும்தான் ஒருவர் எடுக்கலாம். நடுவுக்குக் கை நீட்டுவது மரியாதைக் கேடு. விருந்து கொடுப்பவர்தான் மீனைப் பிய்த்து ஒவ்வொருவர் முன்னாலும் போட வேண்டும்.

பொறுப்பு என்றதும் தெம்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் பார்த்திராத பெரிய தாம்பாளம் ஒன்றை நகரத்திலிருந்து வரவழைத்தார். அது வாசலில் நுழையாமல் அடம்பிடித்தது. கடைசியில் மதில்மேல் ஏற்றித்தான் உள்ளே இறக்கினார்கள். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. ஓட்டல் சமையற்காரர் ஒருவரும், ஆள் நீளத்துக்குப் பாதி இருக்கும் ஒரு கலவா மீனும் கூடவே வந்து சேர்ந்தார்கள்.

வழக்கமாக வரும் பெண்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். புகையடுப்பில் மீன் வாட்டும் அதே பெண்கள்தான். ஒருத்தி கையில் வெங்காயம், ஒருத்தியிடம் புளி, ஆவா என்பவள் தலையில் விறகுக்கட்டு. தெம்பா ஓடிப்போய் வழிமறித்தார்.

"இதெல்லாம் எதுக்கு? இன்னிக்கு நீங்க ஒரு துரும்பையும் நகர்த்த வேண்டாம். போய்க் குளிச்சுட்டு நல்ல துணி உடுத்திக்கிட்டு வாங்க."

மனசாரத்தான் சொன்னார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொண்டுவந்ததைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மதியம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். சோற்று மலைக்கு நடுவில் முழுக் கலவா படுத்திருந்தது. தெம்பா பின்னால் கைகட்டி நின்று பூரித்துப் போனார். மீனைப் பிய்த்துப் போட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சிறுவயதிலிருந்தே யாரோ ஒரு கை அவர் முன்னால் மீனைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. முதலில் அம்மாவின் கை, பிறகு அக்காவின் கை, பிறகு மனைவியின் கை. மீன் தானாக வந்து சேரும் என்றே இத்தனை காலமும் இருந்துவிட்டார் பாவம்.

பெண்கள் வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்கள். சிறிது நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"போதுமா?"

"வயிறு நிறைஞ்சு போச்சுண்ணே. நல்ல சாப்பாடு."

"உனக்கு?"

"நிறைஞ்சுது, நிறைஞ்சுது."

ஆவாவும் அதையே சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். எல்லோரும் போன பிறகுதான் தெம்பா குனிந்து பார்த்தார். கலவாவில் ஒரு விள்ளல்கூடக் குறையவில்லை. அவருக்கு முகம் செத்துப் போயிற்று.

"குருவே, நீங்களும் அங்கதானே உட்கார்ந்திருந்தீங்க! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சோறு நல்லா வெந்திருந்துச்சு" என்றார் ரொகையா.

தெம்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஆனால் அவர் மூளை சும்மா இருக்காது.

"புரிஞ்சுடுச்சு குருவே. தாம்பாளம் பெரிசாகப் பெரிசாக நடுவுல இருக்கிறது எட்டாமப் போகுது. பிய்ச்சுப் போட ஒரு கை வேணும். அரிசி மூட்டையை ரெண்டாக்கிடறேன்."

"அவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுடுச்சா?" என்று ரொகையா எழுந்தார். "நாளைக்கு அவங்க சமைக்கட்டும். நீங்க பிய்ச்சுப் போடுங்க."

மறுநாள் பழைய தாம்பாளம் வந்தது. வெங்காயமும் புளியும் விறகும் வந்தன. அடுப்படியில் ஒரே கூச்சல். உப்பு போதாது என்று ஒருத்தி, நீ ருசி பார்த்தே பாதியைத் தின்றுவிட்டாய் என்று இன்னொருத்தி. தெம்பாவை யாரும் கண்டுகொள்ளவில்லை. நேற்றைய கலவாவில் பாதிகூட இல்லாத மீன் ஒன்றை நடுவில் வைத்தார்கள்.

தெம்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு மீனைப் பிய்த்தார். விரல் சுட்டது. முதல் துண்டைக் குருவின் முன்னால் போட்டார். அடுத்ததை அதற்குப் பக்கத்தில் போட்டார். அவ்வளவுதான்.

"ஏண்ணே, அந்தப் பக்கமே போடுறீங்களே, இங்க இருக்கிறவங்க ஆளாத் தெரியலையா?"

"என் புளியில வெந்த மீன். தலை எனக்குத்தான் வரணும்."

"முள்ளைப் பார்த்து எனக்குப் போட்டாச்சா? ரொம்ப நல்லா இருக்கு உங்க நியாயம்!"

இது ஆவா. நேற்று வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்ன அதே ஆவா. தெம்பா திணறிப் போனார். போட்டதை எடுத்து மாற்றிப் போட்டார். அதற்கும் திட்டு விழுந்தது. சண்டையும் சிரிப்புமாக மீன் நாலாபக்கமும் போய்ச் சேர்ந்து, கடைசியில் நடுமுள் மட்டும் மிஞ்சியது.

கை கழுவும் இடத்தில் ஆவாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நேத்து ஏன் இப்படிக் கேட்கல?"

ஆவா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுல போய், மீன் எங்கேன்னு கேட்பாங்களா?"

தெம்பா வந்து குருவின் அருகில் உட்கார்ந்தார். தலைநகருக்குப் போகும் வண்டி வாசலில் காத்துக்கொண்டிருந்தது.

"அப்போ பெரிய தாம்பாளமே வேண்டாமா குருவே?"

"வேண்டாம்னு யார் சொன்னா? இந்தத் தெருவுல மாசம் ஒரு குழந்தை பிறக்குது."

தெம்பா விரலில் ஒட்டியிருந்த செதிலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களைக் கேட்கக் கூட்டம் போட்டோமே…"

"எங்க போட்டீங்க?"

"நாங்க போட்ட பந்தல்ல. நல்ல நாற்காலி போட்டு, ஆளுக்கு ஒரு குளிர்பானம் கொடுத்து…"

சொல்லச் சொல்ல அவர் குரல் உள்ளே போயிற்று. அவமானமாக இருந்தது. துறைமுகம் யாருடையது, ஆலை யாருடையது, பிடித்த மீனில் அந்த அடுப்புகளுக்கு எவ்வளவு என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"குருவே, நாளைக்கு நான் சரின்னு சொல்லணுமா, கூடாதுன்னு சொல்லணுமா?"

"துறைமுகத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"கூட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாம். ஆனா என் பதவியே போயிடலாம்."

"போகலாம்" என்றார் ரொகையா.

வாசலில் ஓட்டுநர் ஒருமுறை ஒலி எழுப்பினார். தெம்பா எழுந்து போய், கூட்டத்தைத் தள்ளிப்போடும்படி அவரிடம் சொல்லியனுப்பினார். வண்டி அவர் இல்லாமலே புறப்பட்டுப் போனது. திரும்பி வந்து நின்றார்.

"இப்போ நான் என்ன செய்யணும்?"

"கடற்கரைக்குப் போங்க. புகையடுப்புப் பக்கத்துல மணல்லயே உட்காருங்க. அவங்க உங்ககூடச் சண்டைக்கு வர்ற வரைக்கும் எழுந்திருக்காதீங்க."