ஜன்னலின் குறுக்குக் கம்பிகள்

மலைமேல் இருந்த அந்த ஆசிரமத்தின் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்களில் மூத்தவர் நாச்சிமுத்து. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், பேரன் பேத்தி எடுத்தவர். தன்னைவிட இருபது வயது இளையவரை வாய் நிறைய "அம்மா" என்று கூப்பிட்டு, ஆசிரமத்து வேனை ஓட்டிக்கொண்டு, மீதி நேரத்தில் தியானம் பழகிவந்தார். தியானத்தைவிட வேன்தான் அவருக்கு நன்றாக வந்தது.

ஒரு நாள் காலைப் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, இருட்டுன்னா பயமா இருக்குதுங்க. அதை எப்படிப் போக்கிக்கறதுங்க?"

"எந்த இருட்டு?"

"செத்ததுக்கு அப்புறம் வர்ற இருட்டுங்க."

சுத்தப் பொய். சாவைப் பற்றி நாச்சிமுத்துவுக்குக் கவலையே கிடையாது. அவருடைய பயமெல்லாம் கண்ணைப் பற்றித்தான். அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் பார்வை போய், சுவரைத் தடவித் தடவிக் கொல்லைக்குப் போனவர். சில மாதங்களாக இவருக்கும் எழுத்துகள் இழுபட்டுத் தெரிந்தன. எதிரே வரும் வண்டி விளக்குகளுக்கு வால் முளைத்தது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று நடுங்கினார்.

குரு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குக் கண்ணை இடுக்கறீங்க?"

"வெளிச்சம் கூசுதுங்க."

"இடுக்காம, அந்த ஜன்னல்ல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

பிரார்த்தனை மண்டபத்தின் அந்தக் கோடியில் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. நெடுக்கும் குறுக்குமாக மெல்லிய இரும்புக் கம்பிகள் போட்டது.

"நெடுக்கயும் குறுக்கயும் கம்பி இருக்குதுங்க."

"தெரியுதா?"

"நான்தானுங்களே போன வருசம் பெயிண்ட் அடிச்சேன்."

"பெயிண்ட் அடிச்சதைக் கேக்கல. இப்பத் தெரியறதைக் கேட்டேன்."

நாச்சிமுத்து இடுக்கிய கண்ணை விரித்துப் பார்த்தார்.

"நெடுக்குக் கம்பி இருக்குதுங்க. குறுக்குக் கம்பியைக் காணோமுங்க."

"அங்கயே ஒருக்களிச்சுப் படுங்க."

"சாமி கும்பிடற எடத்துலீங்களா?"

"படுங்க."

படுத்தார். தரை சில்லென்றிருந்தது. படுத்தபடியே ஜன்னலைப் பார்த்தார். குறுக்குக் கம்பிகள் ஒவ்வொன்றும் கறுப்பாக, பளிச்சென்று தெரிந்தன. நெடுக்குக் கம்பிகள் புகை மாதிரி கலைந்து கிடந்தன.

"ஐயோ அம்மா! இப்ப நெடுக்குக் கம்பி போயிருச்சுங்க!"

பதறி எழுந்தார். நெடுக்குக் கம்பிகள் வந்துவிட்டன, குறுக்குக் கம்பிகள் போய்விட்டன. மறுபடி படுத்தார். மறுபடி எழுந்தார். அறுபது வயது மனிதர் குழந்தை மாதிரி படுப்பதும் எழுவதுமாக இருந்தார். குரு சிரிக்கவில்லை.

"கம்பி எங்கயும் போகல" என்று சொல்லித் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். "எனக்கும் இதேதான். கருவிழி பந்து மாதிரி சீரா உருண்டிருக்கணும். நமக்கு முட்டையாட்டம் ஒரு பக்கம் கூடுதலா வளைஞ்சிருக்கு. அதனால ஒரு திசையில ஓடற கோடு தெளிவா விழும், இன்னொண்ணு கலங்கும். அஸ்டிக்மேடிசம்னு டாக்டர் சொன்னாரு. அந்த வளைவைச் சரிக்கட்ட சிலிண்டர் பவர்னு ஒண்ணு போட்டுக் கண்ணாடி தருவாங்க. புதுசுல தரை சாஞ்ச மாதிரி இருக்கும், அப்புறம் பழகிடும்."

"எங்கப்பனாட்டம் நானும் குருடாயிருவனுங்களா?"

"இதால ஆக மாட்டீங்க. அப்பாவுக்கு வந்தது வேறயா இருக்கும். அதையும் டாக்டர்கிட்டச் சொல்லுங்க, பார்த்துடட்டும்."

நாச்சிமுத்து குலுங்கி அழுதார். அழுகையோடு, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததும் வெளியே வந்தது.

"போன வாரம் ராத்திரி வேன்ல மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுல, லாரி லைட்டு கண்ணெல்லாம் பரவிருச்சுங்க. ரோடு எது, பள்ளம் எதுன்னே தெரியல. சக்கரம் ஓரக்கல்லு மேல ஏறி எறங்குச்சு. பின்னாடி தூங்கிட்டிருந்தவங்க எல்லாம் முழிச்சுட்டாங்க. நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லிட்டனுங்க."

"நம்பினாங்களா?"

"நம்பினாங்க. திரும்பவும் தூங்கிட்டாங்க."

குரு கையை நீட்டினார். நாச்சிமுத்து வேன் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து வாங்கிக்கங்க."

"சரிங்கம்மா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. அவருக்குச் சிரிப்புகூட வந்தது.

"ஒண்ணுமில்லாததுக்கு இத்தனை மாசம் பயந்து செத்தேன் பாருங்கம்மா."

குரு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அந்தப் பயத்துக்குள்ள நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க, நாச்சிமுத்து. வண்டிக்குள்ள எத்தனை பேர் இருந்தாங்க?"

நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டு கை விரல்களும் போதவில்லை.