நீலப் பட்டாம்பூச்சி கேட்ட ஒரே கொடி

நடுக்கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே விரல்நகம் அளவு நீலப் பட்டாம்பூச்சிகள் இருந்தன. அவை ஒரு வெள்ளைப் பூக்கொடியில்தான் முட்டையிடும். வேறு இலையைத் தின்றால் புழுக்கள் பிழைக்காது.

கப்பல்காரர்கள் எப்போதோ விட்டுப்போன ஆடுகளும் அங்கே பெருகியிருந்தன. தீவின் நடுவில் ஒரு குன்று. வடகரை ஆடுகளுக்கும் தென்கரை ஆடுகளுக்கும் ஏதோ பழைய சண்டை. குன்றைத் தாண்டிப் போவது மானக்கேடு என்று இரண்டு கூட்டமும் வீம்பு பிடித்தன. சண்டை எதற்கு என்று கேட்டால் ஒன்றுக்கும் தெரியாது!

ஆடுகள் கொடிகளை மேய்ந்து தீர்த்ததில், ஒரு கோடையில் பட்டாம்பூச்சிகளில் ஒருத்திதான் மிஞ்சினாள். வயிறு நிறைய முட்டை. வடகரையில் மிஞ்சிய ஒரே கொடியைக் கடா ஒன்று மென்றுகொண்டிருந்தது.

"அண்ணே, பாதியையாவது விட்டு வையுங்க. என் பிள்ளைங்க பிழைச்சுக்கும்" என்றாள்.

கடா பொல்லாதது இல்லை. "தென்கரையில காடாக் கிடக்கு தங்கச்சி, அங்கே போ" என்று நல்ல மனசோடுதான் சொன்னது. போய்ப் பார்த்ததா? அதுதான் இல்லை.

பாவம், எதிர்க்காற்றில் குன்றைத் தாண்டினாள். இறக்கை கிழிந்தது. தண்ணீர் பிடிக்க இறங்கிய கப்பல்காரர் ஒருவர் அவளைப் பார்த்து, 'நீல நிறம். ஒன்றுதான் கண்டேன்' என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அவளைப் பற்றி இன்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான்.

தென்கரையில் ஒரு கொடிகூட இல்லை. அங்கிருந்த கடாவோ, கொடியெல்லாம் வடகரையில் மண்டிக் கிடப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பியது. பாதிக் கொடியாவது மிஞ்சியிருக்கும் என்று அவள் தட்டுத்தடுமாறித் திரும்பியபோது வடகரைக் கொடி வேரோடு போயிருந்தது. கடாவும் வேறு பக்கம் மேயப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் வெறும் பாறையில் முட்டையிட்டுவிட்டு இறந்துபோனாள். பொரிந்து வந்த புழுக்கள் இலையில்லாமல் பசியில் செத்தன.

மறு வருஷம் மழை பொய்த்தது. வயிறு காய்ந்ததும் வீம்பு ஓடிப்போனது. இரண்டு கடாக்களும் புல் தேடிக் குன்றேறி, உச்சியில் சந்தித்துக்கொண்டன.

"உங்க பக்கம் ஒரு நீலத் தங்கச்சி வந்தாளே, சுகமா இருக்காளா?" என்று வடகரைக் கடா விசாரித்தது.

"அவளை உங்க பக்கம்தானே அனுப்பினேன்?" என்றது தென்கரைக் கடா.

இரண்டும் கீழே இரண்டு கரையையும் பார்த்தன. கொடியும் இல்லை, அவளும் இல்லை. வடகரைக் கடா அழுதேவிட்டது.

'அந்தப் பக்கம் நிறைய இருக்கும்' என்று போய்ப் பார்க்காமலே நம்புகிறவன், கண்ணெதிரே இருக்கும் கடைசி ஒன்றையும் தன் கையாலேயே அழித்துவிடுவான்.