சொரிமுத்து அண்ணாச்சியின் மழை

"டீச்சர், இன்னைக்கும் ஒரு ஆள் கூட என் படத்து முன்னால நிக்கலைன்னா, இந்தப் பெயிண்ட் பெட்டியைக் குளத்துல வீசிட்டு வீட்டுக்குப் போயிருவேன்" என்றார் சொரிமுத்து அண்ணாச்சி.

சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதுக்கு மேல் ஓவியம் படிக்க வந்தவர்.

டீச்சர் இசக்கியம்மாளுக்கு அவரைவிட இருபது வயசு குறைவு. தென்காசிப் பக்கம் வெட்டவெளியில் ஸ்டாண்டை ஊன்றி, கண்ணெதிரே இருக்கிற மலையையும் குளத்தையும் நின்ற இடத்திலேயே வரைந்து முடிப்பாள். அதுதான் அவள் பிழைப்பு. ஒருதடவை அவள் வரைந்த குளத்தில் மீன் கொத்தப் போன கொக்குக்கு மூக்கு வளைந்துவிட்டது. என் கண்ணால் பார்த்தேன். கொக்கை விசாரித்தாலும் அதைத்தான் சொல்லும்.

"மலை அளவு தப்பாது டீச்சர். பனை ஏழு, எண்ணிப் போட்டிருக்கேன். போறவ வாரவ எல்லாம் ஒரு பார்வை பார்த்துட்டு, கொட்டாவி விட்டுட்டுப் போறா."

"தினமும் இதே இடமா?"

"ஒரு அங்குலம் பிசகாது. ஸ்டூல் காலுக்கு நாலு செங்கல் புதைச்சிருக்கேன்லா!"

"மேகம் வந்தா?"

"பிரஷ்ஷைக் கீழே வச்சிருவேன். பழைய வெயில் திரும்பி வந்தாத்தான் எடுப்பேன். ஆறு மாசமா இந்த ஒரே படம்."

டீச்சர் டீயை உறிஞ்சினாள்.

மேற்கே மலை கறுத்தது.

அண்ணாச்சி பிரஷ்ஷைக் கீழே வைத்தார். குடையைத் தேடினார். குடையின் மேல் டீச்சர் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிங்க டீச்சர், மழை வருது!"

"எங்க?"

"அதோ!"

டீச்சர் உட்கார்ந்தபடியே ஸ்டாண்டில் புதுத்தாள் ஒன்றை மாட்டினாள்.

"விரலால காட்டாதீங்க அண்ணாச்சி. பிரஷ்ஷால காட்டுங்க."

"மலையை முழுங்கிட்டு டீச்சர்!"

"காட்டுங்க."

"பனையைப் பிடிச்சு உலுக்குது!"

"காட்டுங்க."

"ஐயையோ, குளத்துக்கே வந்துட்டு!"

"அதை என்கிட்ட சொல்லி என்ன செய்ய?"

அண்ணாச்சி பிரஷ்ஷை எடுத்து டீயில் முக்கி, புதுத்தாளில் இழுத்தார். பிரஷ் கழுவின தண்ணியை எடுத்துக் குடித்தார். பனையை எண்ணவில்லை. ஸ்டூல் எப்போதோ செங்கலை விட்டுக் கவிழ்ந்து கிடந்தது.

அந்த நேரம் பார்த்து காற்று திரும்பியது. வந்த மழை அப்படியே செங்கோட்டைப் பக்கம் போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை. சுள்ளென்று வெயில்.

புல்லுக்கட்டோடு செல்லக்கனி வந்தாள். தினமும் முதல் கொட்டாவி விடுகிறவள் அவள்தான்.

படத்தைப் பார்த்தாள்.

நின்றாள்.

"ஐயோ, மாடியில மிளகாய் காயுதே!"

புல்லுக்கட்டை அங்கேயே போட்டுவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு ஊரைப் பார்த்து ஓடினாள்.

அண்ணாச்சி வாய் பிளந்து நின்றார்.

டீச்சர் எழுந்து குடையை அவர் கையில் கொடுத்தாள்.

"பெட்டியைக் குளத்துல வீசப் போறதா சொன்னீங்களே?"

அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். பொட்டு மேகம் இல்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குடையை விரித்தார்.

"மழை விடட்டும், டீச்சர்."