பொட்டு வைத்த மாத்திரை டப்பா

கோவில்பட்டியில் ஒரு வீட்டின் அடுப்படிச் சுவரில் சாமிப் பலகை ஒன்று இருந்தது. அதில் சாமி படத்துக்கு முன்னால் ஒரு காமாட்சி விளக்கும் ஒரு வெண்கல மணியும் குடியிருந்தன. எதிர்ச் சுவர் ஆணியில் குழம்புக் கரண்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றும் பல வருஷமாக ஒன்றையொன்று பார்த்துப் பேசி, சண்டை சச்சரவு இல்லாமல் காலம் கழித்தன.

ஓர் ஆவணி மாதத்தில் பலகைக்குப் புதிதாக ஒரு ஆள் வந்து சேர்ந்தது. அது ஒரு மாத்திரை டப்பா. வெள்ளை உடம்பு, பச்சை மூடி. பெங்களூரில் வேலை பார்க்கும் கோமதி தன் அம்மா செண்பகவல்லிக்கு அனுப்பியது.

கோமதி அதற்கு முந்தின வாரம்தான் ஊருக்கு வந்து போயிருந்தாள். அம்மா உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் சத்தே இல்லை என்றார்கள்.

"மோரு, கீரை, பருப்பு, முட்டை, சின்ன மீன் எல்லாம் உங்க தட்டுலயும் விழணும். அதோட தினம் ஒரு மாத்திரை. மாத்திரை துணைக்குத்தான். சாப்பாடு தான் முதல்ல" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

டப்பா வந்ததும் செண்பகவல்லி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம்பிள்ளை அனுப்பிச்சது" என்று எதிர்வீட்டுக்காரியிடம் காட்டினாள். பிறகு கொண்டுபோய் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளிக்கிழமை வந்தது. விளக்குக்கும் மணிக்கும் பொட்டு வைத்த கை, டப்பாவின் மூடியிலும் ஒரு பொட்டு வைத்தது.

டப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, எனக்கு எதுக்குப் பொட்டு?" என்று விளக்கிடம் கேட்டது.

"பிள்ளை அனுப்பின எதையும் அவ சும்மா வைக்க மாட்டா. போன தடவை வந்த சேலையும் இப்படித்தான் பத்து நாள் இங்க இருந்துச்சு. அப்புறம் பீரோவுக்குப் போச்சு."

"கட்டிக்கிட்டாளா?"

"பீரோவுக்குப் போச்சுன்னு சொன்னேன்" என்றது விளக்கு.

மணி களுக்கென்று சிரித்தது. எதிர்ச் சுவரில் இருந்த கரண்டிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"ஏய் புதுசு, இங்க பாரு. நீ வந்த வேலை என்ன தெரியுமா? அவ வாய்க்குள்ள போறது. இங்க உக்காந்து சூடம் வாங்குறதுக்கா வந்த?"

"அவ எடுத்தா நான் போறேன். அவ எடுக்கலியே."

"அவ கண்ணுல படுற மாதிரி ஏதாவது பண்ணு. காலையில மிக்ஸி ஓடும்போது பலகை அதிரும்ல, அப்ப நல்லாக் குலுங்கு. உள்ள இருக்கிறது அத்தனையும் கலகலன்னு சத்தம் போடட்டும். நான் இருக்கேன், என்னை எடுன்னு சொல்லு."

டப்பா யோசித்தது. மறுநாள் மிக்ஸி ஓடியது. பலகை அதிர்ந்தது. டப்பாவும் குலுங்கப் பார்த்தது. ஆனால் பக்கத்தில் விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் கிலுகிலுப்பை மாதிரி ஆடுவதா என்று அதற்குக் கூச்சமாகிவிட்டது. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

"என்னாச்சு?" என்றது கரண்டி.

"நான் இருக்கிற இடம் அப்படி. அங்க தொட்டியில எச்சித் தட்டுகளோட கிடந்து எழுந்திரிக்கிற உனக்கு அது புரியாது."

கரண்டிக்கு அடுப்பிலே வேலை இருந்தது.

அன்று முருங்கைக்கீரையும் பருப்பும். நெத்திலிக் குழம்பு வேறு. கரண்டி முதலில் வீட்டுக்காரர் சங்கரலிங்கத்தின் தட்டுக்குப் போனது. பிறகு மில் வேலைக்குப் போகிற மகன் அய்யப்பனின் தட்டுக்குப் போனது. "இன்னுங்கொஞ்சம் ஊத்தும்மா" என்றான் அவன். ஊற்றியது. "மத்தியானத்துக்கும் கட்டிரு" என்றான். கட்டியது. கடைசியில் செண்பகவல்லி தனக்கென்று தட்டு எடுத்தபோது, கரண்டி சட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தது. ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. அதைச் சோற்றில் விட்டுப் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள். அதுவும் செவ்வாயும் வெள்ளியும் கிடையாது. மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று அந்த இரண்டு நாளும் விரதம்.

கரண்டி ஆணிக்குத் திரும்பி வந்ததும் டப்பா கேட்டது. "பெரிய பேச்சு பேசினியே, நீ என்ன கொடுத்த அவளுக்கு?"

"கை எந்தப் பக்கம் போச்சோ, அந்தப் பக்கம் போனேன்" என்றது கரண்டி. பிறகு யாரும் கேட்காமலே, "முதல்ல அவ தட்டுல ஒரு சொட்டு சிந்தியிருக்கலாம். கை தவறுன மாதிரி. தோணல" என்றது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கோமதி போன் பண்ணுவாள். செண்பகவல்லி சாமிப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் பேசுவாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

"மாத்திரை சாப்பிடுதியாம்மா?"

"தெனமும் சாப்பிடுதேன் கண்ணு. நீ சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட? அந்த ஹாஸ்டல்காரன் இன்னும் தண்ணியாத்தான் சாம்பார் வைக்கானா?"

பேசி முடித்ததும் சாமி படத்தைப் பார்ப்பாள். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வாள்.

"சாமி முன்னாடியே பொய்யி!" என்று மணி முணுமுணுக்கும்.

"பிள்ளை கவலைப்படக் கூடாதுன்னு சொல்ற பொய்" என்று விளக்கு சொல்லும்.

"பிள்ளைக்குத் தெரிஞ்சா கவலைப்படாதா?" என்று கரண்டி எதிர்ச் சுவரிலிருந்து கேட்கும்.

சரஸ்வதி பூஜை வந்தது. அரிவாள்மனை, அம்மி, மிக்ஸி என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள் செண்பகவல்லி. டப்பாவுக்கு இந்தத் தடவை மூடியில் வைத்தது போதாது என்று, வயிற்றிலும் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். டப்பா பூரித்துப் போனது. அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் அந்த இடத்தில் பொட்டு ஏறிக்கொண்டே போனது.

தைப் பொங்கல் முடிந்த சமயம் ஒருநாள் டப்பா மெதுவாகச் சொன்னது. "அக்கா, என் வயித்துல ஒரு தேதி எழுதியிருக்கும். இதுக்குள்ள சாப்பிடணும்னு. அதைப் படிச்சுச் சொல்லேன்."

விளக்கு சுடரை நீட்டிப் பார்த்தது. "தெரியல தம்பி. அது மேலதான் பொட்டு இருக்கு."

"ஆடி மாசத்தோட முடியும்னு ஞாபகம்."

"அப்ப இன்னும் ஆறு மாசம் இருக்கு" என்றது கரண்டி. "இப்பவாவது குலுங்கு. கும்பிட்டுக் கேட்டுக்கிடுதேன். நேத்து குடத்தைத் தூக்கும்போது அவ கை நடுங்குச்சு. நான் பாத்தேன்."

டப்பாவுக்கு மனசு வந்தது. நாளைக்குக் குலுங்கிவிடலாம் என்று நினைத்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமையாகப் போயிற்று. சாம்பிராணிப் புகை வந்தது, புதுப் பொட்டு வந்தது. தேதி தெரியாவிட்டால் தேதி ஓடாது என்று ஏதோ ஒரு தைரியம் அதற்கு வந்துவிட்டது.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதியே கேட்டாள். "இந்நேரம் தீர்ந்திருக்குமே, அடுத்த டப்பா அனுப்பவா?"

"வேண்டாம்மா. இங்கனயே மருந்துக் கடையில கிடைக்குது, வாங்கிக்கிட்டேன். நீ உனக்கு ஏதாவது வாங்கிச் சாப்பிடு." அன்றைக்குக் கன்னத்தில் இரண்டு தடவை கூடுதலாகப் போட்டுக்கொண்டாள்.

பொங்கலுக்கும் கோமதி வரவில்லை, சித்திரைக்கும் வரவில்லை. லீவு இல்லை என்றாள். பங்குனி போய், வைகாசி போய், ஆடியும் போனது.

ஆவணி முதல் வாரம் ஒரு காலையில் செண்பகவல்லி குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வாசல்படியில் ஈரம். வழுக்கியதும் வலது கையை ஊன்றினாள். சின்ன விழுகைதான். பச்சைப்பிள்ளைகள் தினம் பத்துத் தடவை விழுந்து எழுந்து ஓடுகிற மாதிரி விழுகைதான். ஆனால் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அடுப்படியில் இருந்தவற்றுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

கோமதி மறுநாள் விடியலில் வந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "எலும்பு உளுத்துப் போயிருக்கு. மாத்திரை எழுதிக் கொடுத்தேனே, சாப்பிடலையா?"

"ஒரு வருஷமாச் சாப்பிடுறாங்க டாக்டர்" என்றாள் கோமதி. செண்பகவல்லி கட்டுப் போட்ட கையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. "என்னால முடியாது, நீ விளக்கேத்திரும்மா" என்றாள் செண்பகவல்லி. கோமதி குளித்துவிட்டு வந்து பலகைக்கு முன்னால் நின்றாள். விளக்கை ஏற்றினாள். அந்த வெளிச்சத்தில், குங்குமம் ஏறிச் சிவந்துபோய் நின்ற டப்பாவைப் பார்த்தாள்.

எடுத்துத் திருப்பினாள். மூடியைச் சுற்றியிருந்த தாள் கிழியவே இல்லை.

"இது என்னம்மா?"

செண்பகவல்லி கட்டுப் போட்ட கையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"இது நான் அனுப்புனதுதானே? ஏன் பிரிக்கவே இல்ல?"

"போன வருஷம் வந்தப்ப நீ எளைச்சுப் போயிருந்தியே கண்ணு. கண்ணெல்லாம் உள்ள போயி. நீ அடுத்த தடவை வரும்போது உங்கிட்டயே கொடுத்து விடணும்னு வச்சேன். நீ வரவே இல்லியா... அப்படியே இருந்துருச்சு."

கோமதி துப்பட்டா நுனியால் டப்பாவின் வயிற்றைத் துடைத்தாள். ஒரு வருஷத்துக் குங்குமம் லேசில் போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். தேதி தெரிந்தது.

"போன மாசத்தோட முடிஞ்சு போச்சும்மா."

"கெட்டுப் போச்சா?" செண்பகவல்லிக்குப் புரியவில்லை. "பிரிக்கவே இல்லையே. பிரிக்காம எப்படிக் கெடும்?"

சங்கரலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அய்யப்பன் நிலைப்படியில் நின்று தரையைப் பார்த்தான். தினமும் அவன் மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போன தூக்குவாளி அவன் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல நின்றான்.

கோமதி தட்டு எடுத்து வைத்தாள். எதிர்ச் சுவரிலிருந்து கரண்டியை எடுத்தாள். அது வந்து இத்தனை வருஷத்தில், முதன்முதலாகச் சட்டி நிறைந்திருக்கும்போதே செண்பகவல்லியின் தட்டுக்குப் போனது. கீரை விழுந்தது. பருப்பு விழுந்தது. முட்டை வைத்தாள்.

"எனக்கு இன்னைக்கு விரதம்லா..."

"எனக்காக இருந்தது போதும்மா. நான் கேட்டுக்கிட்டா சாமி ஒண்ணும் கோவிக்காது. சாப்பிடு."

கோமதி பிசைந்து ஊட்டினாள். செண்பகவல்லிக்கு வாங்கிச் சாப்பிடத் தெரியவில்லை. இடது கையால் தட்டை மறைத்து மறைத்து, "போதும், போதும், தம்பிக்கு இருக்கட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கரண்டி இன்னொரு தடவை கீரையோடு அவள் தட்டுக்கு வந்தது.

சாப்பாடு முடிந்தது. நாளைக்கு டாக்டரம்மாவிடம் கேட்டுப் புது மாத்திரை வாங்க வேண்டும் என்று கோமதி அய்யப்பனிடம் சொன்னாள். பழைய டப்பாவை எடுத்தாள்.

"அக்கா..." என்றது டப்பா.

"போயிட்டு வா தம்பி" என்றது விளக்கு. "அவ ஊத்துன எண்ணெயில தினமும் எரிஞ்சவதான் நானும். நீ சாப்பிட்டியாம்மான்னு நானும் ஒருநாள் கேக்கல."

கோமதி அதை மூலையில் இருந்த குப்பைக் கூடையை நோக்கி வீசினாள். டப்பா கூடையின் விளிம்பில் பட்டு, உருண்டு, உள்ளே விழுந்தது. அப்போதுதான் அது குலுங்கியது. ஒன்றுகூடக் குறையாத அத்தனை மாத்திரையும் உள்ளே புரண்டு கலகலவென்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டது.

செண்பகவல்லி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வருஷமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அந்தச் சத்தத்தை அவள் அன்றைக்குத்தான் கேட்டாள்.