அழிப்பு இல்லாத வருடம்

பொட்டலேந்தல் ஊர்த்தலைவர் மாயழகு. ஊரில் அவரை அம்பலம் என்று கூப்பிடுவார்கள். அவர் ஒரு குருவிடம் இரண்டு முறை போனார்.

முதல்முறை ஒரு கேள்வியோடு போனார்.

"கண்மாயில மீன் வருசா வருசம் குறையுது சாமி. எப்படிக் காப்பாத்துறது?"

குரு அவரைவிட வயதில் இளையவர். பனங்காட்டுக்குள் ஓலைக்கூரை ஒன்றின் கீழ் இருந்தார்.

"மத்த தண்ணியில எப்படிக் காப்பாத்துறாங்கன்னு போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

இரண்டாம்முறை அம்பலம் வந்து உட்கார்ந்தபோது கோடை இன்னும் முடியவில்லை. குரு கேட்டார்.

"எங்கெல்லாம் போனீங்க?"

"முதல்ல மலைக்கு. அங்க ஒரு ஏரி. தண்ணியில கை வச்சா மரத்துப்போகும். விரல் நீள மீன் வலையில விழுந்தா திரும்ப விட்டுடுறாக. விடாதவனோட யாரும் பேசுறதில்ல."

"பிறகு?"

"ஆத்துக்கரை ஊர் ஒண்ணு. புதுவெள்ளம் வந்தா மீன் வயித்துல சினையோட எதிர்த்து ஏறுது. வெள்ளம் வடியிற வரைக்கும் அங்க ஒருத்தரும் வலையைத் தொடுறதில்ல. ரெண்டு இடத்துலயும் மீன் நிறைய இருந்துச்சு சாமி."

"உங்க ஊர் வழக்கத்தைச் சொன்னீங்களா?"

அம்பலம் தலையைக் குனிந்துகொண்டார்.

பொட்டலேந்தலில் கோடையில் கண்மாய் வற்றி வரும்போது ஒரு நாள் குறிப்பார்கள். அம்பலம் கரையில் நின்று தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வீசுவார். அதற்குமுன் யாரும் இறங்கக் கூடாது. ஊரே மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக்கூடையோடு தண்ணீரில் இறங்கி, இருக்கிற மீனையெல்லாம் பிடித்துவிடும். அதன்பிறகு வீட்டுக்கு வீடு கருவாடு காயும். மழை வரும்வரை கஞ்சிக்கு அதுதான். அந்த நாளுக்கு ஊரில் பெயர் அழிப்பு.

"சொன்னேன். அழிப்புன்னா என்னன்னு ஒரு மலைக்காரன் கேட்டான். விவரம் சொன்னேன். 'ஒரே நாள்ல அத்தனையும் காலி பண்ணிடுவீங்களா? பேரையும் பொருத்தமாத்தான் வச்சிருக்கீங்க'ன்னு சிரிச்சான். பிறந்ததுலயிருந்து சொல்ற வார்த்தை சாமி. அன்னைக்குத்தான் என் காதுல விழுந்துச்சு."

"அதனால?"

"இந்த வருசம் அழிப்பு இல்லைன்னு சொல்லிட்டேன். மீன் கிடந்து பெருகட்டும்னு நினைச்சேன். கோடைமழை ஒண்ணு விழுந்தா தண்ணி தாக்குப்பிடிச்சுடும்னு நம்புனேன்."

"ஊர் ஒத்துக்கிச்சா?"

"அம்பலம் சொல்லியாச்சுன்னு பேசாம இருந்தாக. இருளாயின்னு ஒருத்தி, என் பங்காளி பொண்டாட்டி, அவ மட்டும் வாய் விட்டா. 'மலையிலயிருந்து சட்டம் கொண்டாந்திருக்கீக. அப்படியே கொஞ்சம் குளிரும் கொண்டாந்து கண்மாயில ஊத்தியிருக்கலாம்ல'ன்னா. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன்."

குரு சிரிக்கவில்லை.

"மலையில அந்த விரல் நீள மீனுக்கு என்ன வயசு?"

"ரெண்டு வருசம் இருக்கும்னாக. குளிர்ல மெதுவாத்தான் வளருமாம்."

"உங்க கண்மாயில?"

"ஐப்பசியில குஞ்சு பொரியும். பங்குனியில உள்ளங்கை நிறைய நிக்கும்."

சொல்லிவிட்டு அம்பலம் தன் கையைப் பார்த்தார்.

"மழை விழலை சாமி. தண்ணி வத்தி முழங்காலுக்கு வந்துச்சு. ஒரு நாள் விடியக்காலம் மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சு. ஊரே ஊத்தாவைத் தூக்கிட்டுக் கரைக்கு வந்துடுச்சு. யாரும் ஒண்ணும் கேட்கலை. என் தோளைத்தான் பாத்தாக. துண்டு அங்கயே கிடந்துச்சு. எடுக்க முடியலை."

"ஏன்?"

"எடுத்தா மலைக்காரன் சிரிப்பான்னு தோணுச்சு."

"அவன் அங்க இருந்தானா?"

"இல்ல."

பனையோலைகள் உரசிக்கொண்டன. காற்று நின்றதும் அம்பலம் தொடர்ந்தார்.

"மறுநாள் கண்மாய் முழுக்க வெள்ளையா மிதந்துச்சு. கருவாட்டுக்குக்கூட ஆகலை. எங்களுக்குக் குடிதண்ணியும் அதுதான். மாடு கிட்டப் போயி மோந்து பாத்துட்டுத் திரும்பிடுச்சு. ஊத்துத் தோண்டிப் பாத்தோம். அதுலயும் அந்த நாத்தம் ஏறியிருந்துச்சு."

"சனங்க?"

"முதல்ல கிளம்புனது இருளாயிதான். மூட்டையைத் தலையில வச்சுட்டு வந்து வீட்டுச் சாவியை என் கையில குடுத்தா. 'பத்திரமா வச்சிருங்க அம்பலம். காப்பாத்துறதுதான் உங்களுக்குக் கைவந்த வேலையாச்சே'ன்னா. அன்னைக்கு யாரும் சிரிக்கலை. அப்புறம் ஒவ்வொரு வீடாக் குடுத்துட்டுப் போச்சு. செங்கல் சூளைக்குப் போறோம்னாக. கடைசியா என் மகனும் வந்து குடுத்தான். வர்றியாப்பான்னு ஒரு வார்த்தை கேட்கலை."

குரு செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார். அம்பலம் வாங்கினார். குடிக்காமல் பக்கத்தில் வைத்தார்.

"நீங்கதானே சாமி போய்ப் பாத்துட்டு வரச் சொன்னீக."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

குரு மேலும் ஏதாவது சொல்வார் என்று அம்பலம் காத்திருந்தார். வெயில் கூரை விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து அவர் காலில் விழுந்தது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப எனக்குப் புரியுது சாமி. மலைக்கு மலையோடது. ஆத்துக்கு ஆத்தோடது. இனி யாரோட சட்டத்தையும் தூக்கிட்டு வரமாட்டேன். எங்க தண்ணிக்கு எது சரியோ அதை நீங்களே ஒரு தடவை சொல்லிடுங்க. வர்ற வருசம் அதையே சட்டமா வச்சுடுறேன்."

குரு அவர் கொண்டுவந்திருந்த சாவி மூட்டையைப் பார்த்தார்.

"யாருக்கு?" என்று கேட்டார்.